கூந்தல் எண்ணெயும் விண்மீனும்
(பரிசு பெற்ற அறிவியற் கதைத் தொகுதிகளின் வரலாறு பற்றியது)

இந்திய மொழிகளில் பரிசு பெற்ற முதல் அறிவியற் சிறுகதை எவ்வாறு பிறந்தது என்று வினவுவோர்க்கு வரலாறு தரும் விடை வியப்பிற்குரியது. அதனைப் பிறப்பித்தது புலவர் அவையோ பல்கலைக்கழகமோ அன்று. கல்கத்தாவில் கூந்தல் எண்ணெய் விற்ற ஒரு வணிகரின் விளம்பர ஆசையே ஆகும்.

அவ்வணிகர் ஏமேந்திர மோகன் போசு என்பார். நறுமணப் பொருள்கள், மிதிவண்டி, இசைத்தட்டு எனப் பல தொழில்களில் கை வைத்தவர். இரவீந்திரநாத் தாகூரின் குரலை மெழுகு உருளைகளில் பதிவு செய்தவரும் அவரே. அவருடைய ‘குந்தளின்’ என்னும் கூந்தல் எண்ணெய் வங்காளமெங்கும் பெயர் பெற்றிருந்தது. 1896ஆம் ஆண்டில் அவர் அவ்வெண்ணெயின் பெயரால் சிறுகதைப் போட்டி ஒன்றினைத் தொடங்கினார். பரிசு பெற்ற கதைகளைச் சிறு நூலாக ஆண்டுதோறும் அச்சிட்டு வழங்கினார். போட்டியின் நிபந்தனை சுவையானது. கதையினுள் எண்ணெயின் பெயரோ, அவருடைய நறுமணப் பொருளின் பெயரோ வருதல் வேண்டும். ஆயினும் கதை விளம்பரம் போலத் தோன்றலாகாது! இன்றைய விளம்பரக்காரர்கள் பலர்க்கும் கைவராத நுட்பம் இது.

முதற்போட்டியில் முதற்பரிசு பெற்ற கதையில் எழுதியவர் பெயர் இல்லை. பெயரை மறைத்து எழுதியவர் சகதீச சந்திர போசு. 1895ஆம் ஆண்டில் கல்கத்தா நகர மண்டபத்தில் கண்ணுக்குப் புலனாகா மின்காந்த அலைகளைச் சுவர் கடந்து செலுத்தி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்த அதே அறிவியலறிஞர்தாம். உலகம் அவருடைய ஆய்வைப் பேசத் தொடங்கிய அக்காலத்திலேயே அவர் எண்ணெய்க் கடைக்காரரின் போட்டிக்குக் கதை எழுதினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

கதையின் பொருள் இது. கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கப்போவதாக வானிலைத் துறை எச்சரிக்கிறது. மக்கள் அஞ்சிக் காத்திருக்கின்றனர். புயலோ வரவில்லை. எங்கே போயிற்று என அறிஞர் உலகம் திகைக்கிறது. உண்மை ஒருவருக்கே தெரியும். காய்ச்சலால் தலைமயிர் உதிர்ந்து, உடல் தேற மருத்துவர் சொற்படி இலங்கைக்குக் கப்பலேறியவர் அவர். அவர் மகள் தந்தையின் வழுக்கைக்கு மருந்தாக ஒரு புட்டி எண்ணெயைக் கொடுத்தனுப்பியிருந்தாள். நடுக்கடலில் புயல் எழுந்து கப்பல் மூழ்கும் நிலை. எண்ணெய் அலையை அடக்கும் என்று எப்போதோ படித்தது அவர் நினைவிற்கு வருகிறது. புட்டியைத் திறந்து கடலில் எறிகின்றார். கடல் அடங்குகிறது, புயல் தணிகிறது.

இது வெறும் நகைச்சுவை என்று ஒதுக்குவார் உளர். அது பொருந்தாது. எண்ணெய் நீர்ப்பரப்பில் மெல்லிய படலமாகப் பரவிச் சிற்றலைகளை அடக்கும் என்பது பழைய உரோம நூலாசிரியர் பிளினியும் குறித்த செய்தி. பெஞ்சமின் பிராங்கிளின் இலண்டன் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, ஏறத்தாழ அரை ஏக்கர்ப் பரப்பு கண்ணாடி போல் அமைதியுற்றதைக் கண்டு, 1774ஆம் ஆண்டில் அரச கழக ஏட்டில் வெளியிட்டார். போசு அவ்வுண்மையை எடுத்துக்கொண்டு, அதனை எல்லைக்கப்பால் நீட்டிச் சிரிக்க வைத்தார். உண்மையான விதி ஒன்றில் காலூன்றி, கற்பனையால் ஓர் அடி முன்னே வைப்பதே அறிவியற் கதை. அவ்விலக்கணம் முழுமையும் இக்கதையில் அமைந்துள்ளது. பரப்பு இழுவிசை பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர், கரும்பலகையில் வரையறையை எழுதுமுன் இக்கதையைச் சொல்லித் தொடங்கலாம். போசு இதனை விரிவாக்கி, 1921ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அவ்யக்த’ என்னும் தம் கட்டுரைத் தொகுதியில் வேறு தலைப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

அதே குந்தளின் பரிசு மற்றொரு பெயரையும் மறைத்து வைத்திருந்தது. சரத் சந்திர சட்டோபாத்தியாயர் 1903ஆம் ஆண்டில் இரங்கூனுக்குக் கப்பலேறுமுன், தம் மாமன் பெயரில் ‘மந்திர்’ என்னும் கதையை அனுப்பிவிட்டுச் சென்றார். பரிசு அதற்கே கிடைத்தது. அது அறிவியற் கதையன்று. எனினும், ஒரு போட்டி எத்தகைய கைகளைத் தேடிப் பிடிக்கவல்லது என்பதற்கு அதுவும் சான்றாகும்.

மேலை நாட்டில் இத்துறை வேறு வழியில் வளர்ந்தது. இலக்சம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இயூகோ கெர்ன்சுபேக் என்பார், 1926ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அறிவியற் கதைகளுக்கென்றே தனி இதழ் ஒன்றினைத் தொடங்கினார். அவர் பெயரால் அமைந்த ‘இயூகோ’ விருது 1953ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் முதன்முதலாக வழங்கப்பெற்றது. இவ்விருதினை அளிப்போர் நடுவர் குழுவினர் அல்லர்; உலக அறிவியற் கதை மாநாட்டில் உறுப்பினராகும் வாசகர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். வாசகர் தீர்ப்பு எப்போதும் செம்மையாக அமையும் எனச் சொல்லவியலாது. ஆனால் அது புலமையின் முகம் பார்த்து வழங்கப்படுவதன்று.

1955 முதல் 1961 வரை அவ்விருது பெற்ற சிறுகதைகளும் குறுநாவல்களும் ஒன்பது. அவற்றை ஒரே நூலாகத் தொகுத்து 1962ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஐசக் அசிமோவ். அந்நூலின் முன்னுரை படித்து இன்புறத்தக்கது. அதுவரை அவ்விருதினை ஒருமுறையேனும் பெறாதவர் அசிமோவ். அதனாலேயே தாம் நடுநிலை பிறழாத தொகுப்பாசிரியர் என்று கூறி, தம் ஏமாற்றத்தையே நகைச்சுவையாக்கிக்கொண்டார். மறு ஆண்டே, 1963இல், அவருடைய அறிவியற் கட்டுரைகளுக்காக அவ்விருது அவரையும் வந்தடைந்தது.

அந்த ஒன்பதனுள் இரண்டினைத் தமிழாசிரியர்கள் தனித்து நோக்குதல் வேண்டும். ஒன்று ஆர்தர் கிளார்க் எழுதிய ‘விண்மீன்’ என்னும் பொருள்படும் கதை. வெடித்தழிந்த ஒரு விண்மீனை ஆராயச் செல்கிறார் வானியல் வல்லுநரான ஒரு பாதிரியார். அவ்வெடிப்பில் உயர்ந்த நாகரிகம் ஒன்று முழுவதும் எரிந்து போனதை அறிகிறார். கணக்கிட்டுப் பார்த்தால், ஏசுபிரான் பிறந்தபோது கிழக்கே தோன்றிய ஒளி அதுவே எனத் தெரிகிறது. நம்பிக்கையுடையாரும் இல்லாரும் ஒருங்கே கலங்கும் முடிவு அது. இக்கதை இலண்டன் செய்தித்தாள் ஒன்றின் போட்டிக்காக எழுதப்பெற்று, அங்கே எந்தப் பரிசும் பெறாது திரும்பியது என்பது பலரும் அறியாத செய்தி. 1956ஆம் ஆண்டில் நியூயார்க் மாநாட்டில் விருது அதற்கே வழங்கப்பட்டது. அதே ஆண்டில் கிளார்க் இலங்கையிற் குடியேறினார். அவரும் அவர் நண்பர் மைக் வில்சனும் திருக்கோணமலைக் குன்றின் அடியில் கடலுள் மூழ்கி, போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். விண்ணை எழுதிய கை தமிழர் கோயிற் கல்லைக் கடலடியில் தொட்டது.

மற்றொன்று தானியேல் கீசு எழுதிய, அல்ஜெர்னன் என்னும் ஆய்வக எலிக்கு மலர் வைக்கும் கதை. 1960ஆம் ஆண்டின் விருது பெற்றது. அறிவு வளர்ச்சி குன்றிய சார்லி என்பவனுக்கு அறுவை மருத்துவம் செய்து அறிவைப் பெருக்குகின்றனர். அவனே எழுதும் குறிப்புகளாகக் கதை நடக்கிறது. முதலில் எழுத்துப்பிழைகள் மலிந்த சொற்றொடர்கள். பின்னர்ப் பேரறிஞரின் நடை. இறுதியில் மீண்டும் பிழைகள். கீசு ஆசிரியராகப் பணியாற்றியவர். மெல்லக் கற்போர் வகுப்பிலிருந்த மாணவன் ஒருவன், கடுமையாக உழைத்தால் தன்னை மற்றவர் வகுப்பிற்கு மாற்றுவார்களா என்று கேட்ட கேள்வியே கதைக்கு வித்தாயிற்று. இதழாசிரியர் ஒருவர் இன்ப முடிவாக மாற்றித் தருமாறு கேட்டபோது, கீசு மறுத்து வேறோர் இதழுக்கு அனுப்பினார். ‘பின்தங்கிய வகுப்பு’ என்று எளிதாகச் சொல்லிவிடும் ஆசிரியர் எவரும் இக்கதையைப் படித்தபின் அச்சொல்லை அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார்.

மீண்டும் இந்தியாவிற்கு வருவோம். மராத்தி மொழியில் அறிவியல் பரப்பும் மன்றமாகிய மராத்தி விஞ்ஞான் பரிசத்து, அறிவியற் கதைப் போட்டி நடத்தி வந்தது. 1974ஆம் ஆண்டில் அதற்கு ‘நாராயண் விநாயக் சகதாப்’ என்ற பெயரில் கருந்துளை பற்றிய கதை ஒன்று வந்தது, முதற்பரிசும் பெற்றது. அப்படி ஒருவர் இல்லை! செயந்த் விட்ணு நார்ளீக்கர் என்னும் உலகறிந்த வானியற்பியலறிஞர் தம் பெயரின் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டு அப்பெயரைப் படைத்திருந்தார். கையெழுத்தும் அடையாளம் காட்டிவிடக்கூடாது என்று தம் துணைவியாரைக் கொண்டு படியெடுத்தார். தம் பெயருக்காகப் பரிசு கிடைத்தல் ஆகாது என்பது அவர் கருத்து. எழுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் போசு செய்ததை அவர் மீண்டும் செய்தார் எனலாம். பெயரை மறைத்துக் கதை அனுப்பிய அதே மனிதரை 2021ஆம் ஆண்டில் நாசிக்கில் கூடிய அனைத்திந்திய மராத்தி இலக்கிய மாநாடு தன் தலைவராகத் தேர்ந்தது. 2025ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

தமிழில் இத்துறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்த பெருமை சுசாதாவையே சாரும். பொறியாளராகப் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவுப் பொறியின் உருவாக்கத்தில் பங்கேற்ற அவர், ‘என் இனிய இயந்திரா’ நெடுங்கதையில் சீனோ என்னும் இயந்திர நாயை வீடுதோறும் நுழைய விட்டார். 2008ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், இத்துறை அவரோடு முடிந்தது என்று வருந்தியோரும் உண்டு. அவ்வாறு நேரவில்லை. ‘அரூ’ என்னும் இணைய இதழ் 2019ஆம் ஆண்டில் அறிவியற் சிறுகதைப் போட்டி நடத்தியது; ‘விசும்பு’ என்னும் அறிவியற் கதைத் தொகுதியைத் தந்த செயமோகன் நடுவராக இருந்தார். மறு ஆண்டும் போட்டி தொடர்ந்தது.

மலேசியத் தமிழர்க்குப் போட்டி புதிதன்று. 1950ஆம் ஆண்டில் ‘தமிழ் நேசன்’ நாளேட்டில் சுப. நாராயணனும் பைரோசி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, எழுத விழைந்தோர்க்குப் பயிற்சியும் தேர்வும் தந்து தரம் பிரித்தது. இந்நாட்டுச் சிறுகதையின் வளர்ச்சி அங்கிருந்து கணக்கிடப்படுவது முறையே. 1962ஆம் ஆண்டில் எழுத்தாளர் சங்கம் தோன்றியது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980களின் நடுப்பகுதி முதல் நடத்திய போட்டிகளின் கதைகள் ‘பேரவைக் கதைகள்’ என நூலுருப் பெற்றன. ஏட்டில் வந்து மறையும் கதைகள் நூலில் நின்றன. தோட்ட வாழ்வு, வறுமை, சப்பானியர் கால மரண இரயில், தோட்டத் துண்டாடல் ஆகியன அக்கதைகளின் வலிமையான பொருள்கள், எழுதப்பெற வேண்டியவையே. அறிவியல் அவற்றினிடையே அரிதாகவே தலைகாட்டியது.

இதற்கு மண்ணில் பொருள் இல்லாமையைக் காரணமாகக் கூறவியலாது. ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டையே எடுத்துக்கொள்க. அங்கே குடியிருப்புகளின் பின்னே செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள், இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கடலடியின் படிவுகளாகும். பவளமும் சிப்பியும் இறுகிக் கல்லாயின. மழைநீர் அக்கல்லைக் கரைத்துக் குகை குடைந்தது. குகைகளுள் கோயில்கள் எழுந்தன. சுற்றியுள்ள கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டினர். 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தபின், சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட, தோண்டிய பள்ளங்கள் குட்டைகளாயின. இரப்பர்த் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல இத்தகைய நகர்ப்புறங்களிலே குடியேறின. கடல், கல், ஈயம், மனிதர் என்று நான்கு காலங்களும் ஒரே வீதியில் நிற்கின்றன. இதனை விடவும் ஓர் அறிவியற் கதைக்கு வேறு களம் எதற்கு?

சொல் பற்றாக்குறை என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. தமிழ்ப்பள்ளிகளில் ஒளிச்சேர்க்கை, ஈர்ப்பு விசை, ஆவியாதல் முதலியவை குழந்தைகளின் நாவில் பழகிய சொற்கள். 2003ஆம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பெற வேண்டும் என்ற திட்டம் முதலாம் ஆண்டில் நடப்பிற்கு வந்தபோது, அச்சொற்கள் வகுப்பறையை விட்டு விலகத் தொடங்கின. 2009ஆம் ஆண்டில் அரசு அத்திட்டத்தைக் கைவிட முடிவு செய்து, 2012 முதல் படிப்படியாக மாற்றியது. அந்த இடைக்காலத்தில் பள்ளியில் பயின்றோர் இன்று இளைஞர்கள். அவர்களுள் பொறியாளரும் மருத்துவரும் ஆய்வாளரும் உளர். தமிழில் கதை படிப்பர். தாம் பயின்ற துறையைத் தமிழில் சொல்லத் தயங்குவர். போசும் நார்ளீக்கரும் எழுத்தாளர் வரிசையிலிருந்து வந்தவர்கள் அல்லர், ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவர்கள். அவர்களை வெளியே அழைத்தது ஒரு போட்டி அறிவிப்பும், பெயரைக் காட்டாமல் அனுப்பலாம் என்ற துணிவுமே.

இந்நாட்டுப் போட்டிகளில் கதையைப் புனைபெயரில் எழுதி, உண்மைப் பெயரைத் தனி உறையிலிட்டு ஒட்டி அனுப்பும் வழக்கம் உண்டு. அவ்வுறைகளுள் இதுவரை மிகுதியும் இருந்தவை ஆசிரியர்களின் பெயர்கள்.