ஆற்றுப்படுத்தல்

தமிழ்நாட்டில் 'கவுன்சலிங்' என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பொறியியல் கல்லூரி இடம்தான். மனக்கவலைக்கு நாடும் கவுன்சலிங்கை ஆற்றுப்படுத்தல் என்பார்கள். இலங்கையில் உளவளத்துணை என்ற சொல்லும் வழங்குகிறது.

ஆறு என்றால் வழி. படுத்தல் என்பது அதில் செலுத்துதல். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகை. அவற்றில் சிலவற்றில், பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு பாணனிடம் வள்ளல் இருக்குமிடத்தையும் போகும் வழியையும் சொல்வான். நடக்க வேண்டியவன் மற்றவன்தான். ஆலோசகர் வேலையும் ஏறக்குறைய இதுவே: முடிவை அவர் எடுத்துத் தருவதில்லை, கேள்வி கேட்டுக் கேட்டு நம்மையே எடுக்க வைக்கிறார். ஆகவே இதை 'அறிவுரை' என்பது பொருந்தாது. அறிவுரைக்குத்தான் வீட்டிலேயே பஞ்சமில்லையே!

'மனசு ஆறவில்லை' என்பதில் வரும் ஆறு வேறு, அது தணிதல். இரண்டையும் குழப்பி, ஆற்றுப்படுத்தலை ஆறுதல் சொல்வதாக எண்ணுபவர்கள் உண்டு. இழவு வீட்டில் ஆறுதல் போதும். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டவருக்குப் போதாது. அப்போது நாடக்கூடிய உளச்சிகிச்சை என்பது பயிற்சி பெற்றவர் பல அமர்வுகளில் செய்வது. மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர். இந்தியாவில் டெலி மனஸ் என்ற மனநல உதவி எண்ணான 14416-ல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.