தூங்கு என்று சொல்லாத தாலாட்டு

இங்கே புத்தகக் கடைக்குப் போனால் குழந்தைகளைத் தூங்க வைப்பதற்கென்றே ஓர் அலமாரி இருக்கிறது. கண்ணை மூடு, ஒரு கடற்கரையை மனதில் கொண்டுவா, மெதுவாக மூச்சு விடு என்று சொல்லித்தரும் புத்தகங்கள். முன்பு குறுந்தகடு, இப்போது செல்போனில் செயலி. நல்ல விஷயம்தான். ஆனால் இதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி விற்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். 1956 வரை நாங்களும் திருவிதாங்கூர்தான். அந்த ராஜ்ஜியத்தில் இருநூறு வருஷத்துக்கு முன்பே இதைப் பாட்டாகச் செய்து வைத்துவிட்டார்கள்.

இரயிம்மன் தம்பி எழுதிய 'ஓமனத்திங்கள் கிடாவோ' தாலாட்டைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் தமிழ் வீடுகளிலும் பாடுவார்கள். அது பிறந்த நேரம் சாதாரண நேரம் இல்லை. வேலுத்தம்பியின் கிளர்ச்சி 1809ல் அடக்கப்பட்டது. 1810ல் ராஜா பலராம வர்மா இறந்தார். இருபது வயதுகூட நிறையாத கௌரி லட்சுமி பாய் பட்டத்துக்கு வந்தார். ஆண் வாரிசு கிடையாது. கம்பெனியின் ரெசிடெண்ட் கர்னல் மன்றோவே 1811ல் திவானாகவும் ஆகிவிட்டார். நாடு கையை விட்டுப் போய்விடுமோ என்று எல்லோருக்கும் பயம். அப்போதுதான் 1813 ஏப்ரலில் சுவாதித் திருநாள் பிறந்தார். கருவிலேயே ராஜா என்பதால் அவருக்கு 'கர்ப்பஸ்ரீமான்' என்று பெயர்.

அந்தக் குழந்தைக்கான தாலாட்டில் ஒரு விசேஷம் உண்டு. தூங்கு என்ற சொல்லே அதில் கிடையாது! முழுக்க முழுக்கக் கேள்விகள். நிலவு, பூ, தேன், மயில், மான், குயில் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, நீ இதுவா, அதுவா என்று கேட்டுக்கொண்டே போகும். பதில் யாரும் சொல்ல வேண்டாம். ஒரு படம் மறைவதற்குள் அடுத்த படம் வந்துவிடும். அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்போது, 1815ல், தாய் இறந்துவிட்டார். 33 வயதில், 1846ல், அவரும் போய்ச் சேர்ந்தார். பாட்டு மட்டும் நிற்கிறது. 2012ல் வந்த 'லைஃப் ஆஃப் பை' படத்தில் பாம்பே ஜெயஸ்ரீயின் தமிழ்த் தாலாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரையானபோது, அதன் வரிகள் இதிலிருந்து வந்தவை என்று தம்பியின் பெயரிலுள்ள அறக்கட்டளை புகார் சொன்னது. அவர் மறுத்தார். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம்.

தமிழுக்கும் இந்த வழக்கம் புதிதல்ல. பிள்ளைத்தமிழில் தாலப்பருவம் இருக்கிறது. அம்புலிப் பருவத்தில் நிலவைக் குழந்தையோடு விளையாட வரச் சொல்லி, சாமம், தானம், பேதம், தண்டம் என்று நான்கு வழியிலும் கூப்பிடுவார்கள். கொஞ்சுவார்கள், கடைசியில் மிரட்டவும் செய்வார்கள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், போன வருஷம் வீடு மாறினோம். மகளுக்கு ஆறு வயது. புது அறையில் இருட்டைக் கண்டால் அழுகை. "பயப்படாதே, தூங்கு" என்று சொல்லச் சொல்ல அவள் கண்ணை இன்னும் அகலமாகத் திறந்தாள். எனக்குத் தம்பியின் பாட்டு நினைவுக்கு வந்தது. பாட எனக்கு வராது. கேள்வி கேட்கலாமே?

கல்லாற்றைத் தேர்ந்தெடுத்தேன். திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி போகும் வழியில், விதுரா தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் வரும் ஊர் அது. பெயருக்கேற்ப ஆறு முழுக்க உருண்டைக் கற்கள். (இழுப்பு அதிகம், ஊருக்குப் போகிறவர்கள் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள்.) 2018ல் பத்மஸ்ரீ பெற்ற நாட்டு வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மா அந்தக் காட்டில்தான் வாழ்ந்தார். காணிப் பழங்குடியைச் சேர்ந்தவர். நூற்றுக்கணக்கான மருந்துகளை நினைவிலேயே வைத்திருந்தவர். காணிகளின் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். நோய் தீர, கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசிக்கொண்டு, ராத்திரி முழுக்கச் சாற்றுப்பாட்டு பாடும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு.

விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். "தண்ணியிலே கால வச்சாச்சா? சில்லுனு இருக்கா? காலுக்குக் கீழே கூழாங்கல் உருண்டையா, தட்டையா?"

"கூழாங்கல்னா என்னப்பா?"

அந்த ஒரு கேள்விக்கு நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு 'பெபிள்' தெரியும். கூழாங்கல் தெரியாது. அன்றிலிருந்து ஒரு ராத்திரிக்கு ஒரு சொல். ஓடை, பாசி, நாணல், அயிரை மீன். பதிலை நான் சொல்வதில்லை, கல்லின் நிறத்தை அவள்தான் முடிவு செய்வாள். ஒரு நாள் ஊதா நிறம்கூட வந்தது. இருட்டில்தான் ஆறு நன்றாகத் தெரிகிறது என்று அவளே ஒருநாள் சொன்னாள்.

இப்போது அவளுக்கு அந்த ஆறு எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமாம். கல்லாறு வாமனபுரம் ஆற்றில் சேரும், அது அஞ்சுதெங்குக் காயல் வழியாக முதலப்பொழியில் கடலுக்குப் போகும் என்று சொல்ல ஆரம்பிக்கிறேன். நாலு ராத்திரி ஆயிற்று. இன்னும் வாமனபுரத்தைத் தாண்டவில்லை.