கூம்புக் கச்சும் ஏழு ஆண்களும்

1990 மே மாதக் கடைசியில் டொராண்டோவின் ஸ்கைடோம் அரங்கிற்குக் காவல்துறை வந்தது. 'லைக் எ வெர்ஜின்' பாடலின்போது சிவப்புக் கட்டிலில் ஒரு பெண் தன்னைத்தானே தொட்டு இன்புறுவதாக நடிக்கும் காட்சியை மாற்றாவிட்டால் கைது என்றார்கள். மடோனா மாற்றவில்லை. கைதும் நடக்கவில்லை.

'லைக் எ பிரேயர்' தொகுப்பின் பாடல்களோடு புறப்பட்ட 'பிளாண்ட் ஆம்பிஷன்' பயணம் ஏப்ரலில் ஜப்பானில் தொடங்கி ஆகஸ்டில் பிரான்சின் நீஸ் நகரில் முடிந்தது. மொத்தம் 57 நிகழ்ச்சிகள். கத்தோலிக்க எதிர்ப்பு கிளம்பிய இத்தாலியில், ரோமில் திட்டமிட்ட இரண்டில் ஒன்றுதான் நடந்தது.

என்னை இழுப்பது உடை. பெண்ணுடலை இறுக்கி வடிவம் கொடுத்துவிட்டு உள்ளே ஒளிந்திருந்த கச்சை, ழான் பால் கோத்தியே கூம்பு வைத்து வெளியே எடுத்தார். ஆண்களுக்குரிய கோடுபோட்ட கோட்டைக் கிழித்துக்கொண்டு அந்தக் கூம்புகள் நீட்டி நின்றன. (கச்சு என்ற சொல் வந்தாலே வகுப்பில் ஒரு சிரிப்பு ஓடும். இந்தக் கச்சைப் பார்த்து அப்படிச் சிரிப்பது கடினம், ஆயுதம்போல இருக்கிறது.) கட்டிலின் இருபுறமும் நின்ற இரண்டு ஆண்களுக்கும் கூம்புக் கச்சுதான். முலை பெண்ணுக்கு மட்டுமே உரிய அடையாளம் என்ற நினைப்பையே அது கலைத்தது. இதை நான் இன்றும் கொண்டாடுகிறேன்.

ஆனால் அந்த ஆண்கள்? மேடையில் ஆடியவர்கள் ஏழு பேர், அவர்களில் ஆறு பேர் தன்பாலீர்ப்பாளர்கள். 'வோக்' பாடலின் அசைவுகள், நியூயார்க்கில் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் தங்களுக்கென நடத்திக்கொண்ட பால்ரூம் ஆட்டங்களில் பிறந்தவை. பாடல் உலகெங்கும் விற்றது. புகழ் யார் பெயரில் சேர்ந்தது என்பது நமக்குத் தெரியும்.

அமெரிக்கப் பகுதியின் இறுதி நிகழ்ச்சியை, அவ்வாண்டு பிப்ரவரியில் எய்ட்ஸால் இறந்த நண்பரும் ஓவியருமான கீத் ஹேரிங்கின் நினைவாக, எய்ட்ஸ் ஆய்வுக்கு நிதி திரட்ட நடத்தினார் மடோனா. அந்தப் பயணத்தில் ஆடியவர்களில் இருவர் தங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதை யாரிடமும் சொல்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். உன்னை வெளிப்படுத்து என்று இரவுதோறும் பாடிய மேடையில் இது.

1991இல் வந்த 'ட்ரூத் ஆர் டேர்' ஆவணப்படம் நடனக்காரர்களின் அந்தரங்கத்தையும் திரைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு மூவர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் ஒருவர், சக நடனக்காரருக்குத் தான் கொடுத்த முத்தக் காட்சியை நீக்கும்படி முன்பே கேட்டவர். தன் உடல்மீது தனக்குள்ள உரிமைக்காகக் காவல்துறையை எதிர்த்தவர், அந்த இளைஞனின் உரிமையைப் பார்க்கவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது.

அந்த இளைஞன் 1995இல் எய்ட்ஸால் இறந்தான். மற்ற நடனக்காரர்களைப் பற்றி 2016இல் வந்த 'ஸ்ட்ரைக் எ போஸ்' படத்தில், அவனுக்காகப் பேசுகிறவர் அவனுடைய அம்மா.