சேறு செய்த வேலை



எங்கள் பள்ளியில் மீண்டும் கோய் மீன் குளம் அமைப்பது பற்றிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பெரிய விவாதமே நடந்தது. அடியில் கூழாங்கற்கள் பரப்பவேண்டும் என்றனர் சிலர். வெறும் சிமெண்டுத் தளமே நல்லது என்றனர் வேறு சிலர். வடிகட்டி எதற்கு, வாரந்தோறும் நீரை மாற்றினால் போதாதா என்றார் ஒரு தந்தை. நான் வாய் திறக்கவில்லை. பழைய குளத்தின் பன்னிரண்டு மீன்களும் மாண்டதற்குக் காரணம் நானே. அன்று சொல்லத் தயங்கியதை இங்கே எழுதுகிறேன்.

கோய், ஜப்பானின் நீகாட்டா மாநிலத்து மலைகளில் தோன்றிய வண்ணக் கெண்டை. பனிக்காலத்தில் வெளியுலகத் தொடர்பு அற்றுப்போகும் யமகோஷி வட்டார உழவர்கள், உணவுக்காகவே கெண்டை வளர்த்தனர். 19ஆம் நூற்றாண்டில் அவற்றுள் வண்ணம் கொண்டவற்றைப் பிரித்து வளர்க்கலாயினர். 1914இல் தோக்கியோ கண்காட்சியில் வைக்கப்பட்ட பின்னரே நாடு முழுதும் அவற்றை அறிந்தது. அவ்வுழவர்களின் குளங்கள் மண் குளங்கள். அங்கே வடிகட்டி ஏது? சேறே அவ்வேலையைச் செய்தது.

எப்படி என்பதற்கு விடை பிரான்சிலிருந்து வந்தது. 1877இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். இருபது நாள்களாக மாற்றமே இல்லை. பின்னர் அந்நீரிலிருந்த அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. ஆகவே இது உயிருள்ளவற்றின் வேலை என்று கண்டனர். 1890இல் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார்.

மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது மீனுக்கே நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதனை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். இவை கல், மணல், பஞ்சு போன்றவற்றின் மேற்பரப்பில் ஒட்டி வாழ்பவை. வடிகட்டியின் பஞ்சு அழுக்கைப் பிடிப்பதற்கு மட்டுமன்று, இவற்றின் குடியிருப்பும் அதுவே.

நான் செய்தது என்ன? ஒரு வெள்ளிக்கிழமை, அப்பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் வெண்மையாகும்வரை பிழிந்து பிழிந்து கழுவினேன். திங்கட்கிழமை வந்து பார்த்தபோது நீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது, மீன்கள் மிதந்தன. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அவற்றுக்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள்.

கூழாங்கல் பற்றிய என் கருத்து இதுதான்: அடியில் பரப்பினால் எச்சமும் மிஞ்சிய உணவும் இடுக்குகளில் தங்கி அழுகும். தளம் வெறுமையாக, நடுக்குழாயை நோக்கிச் சரிவாக இருக்கட்டும். கற்கள் வெளியே தனித்தொட்டியில் இருக்கட்டும். பஞ்சைக் குளத்து நீரிலேயே வாளியில் இலேசாக அலசினால் போதும். நீரையும் சிறிது சிறிதாகவே, குளோரின் நீக்கிய பின்னரே மாற்றவேண்டும். தொடக்கத்தில் இரண்டு மூன்று மீன்கள் மட்டுமே விடவேண்டும். நுண்ணுயிர் பெருகச் சில வாரங்கள் ஆகும்.

அடுத்த கூட்டத்தில் இவற்றை எடுத்துரைத்து, பஞ்சு அலசும் பொறுப்பை நானே கேட்டு வாங்க எண்ணியிருக்கிறேன்.