விரல் நுனியிலிருந்து மேற்கைக்கு: சீனி அளந்த கதை



நமது ஊரில் சிலருடைய மேற்கையில் இப்போது ஒரு வெள்ளை வட்டம் ஒட்டியிருப்பதைக் காண்கிறோம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிவைக்கும் சீனி சென்சர் அது. போனைப் பார்த்தால் இலக்கம் தெரியும். இனி விரலில் குத்தத் தேவையில்லை என்று மீட்டரை அலுமாரிக்குள் போட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

சீனி வருத்தக்காரரின் சிறுநீர் இனிக்கும் என்று இப்னு ஸீனா எழுதிவைத்தார். 1776இல் இங்கிலாந்தின் மத்தியூ டொப்சன், அந்த இனிப்பு சீனிதான், இரத்தத்திலும் அது இருக்கிறது என்று காட்டினார். பிறகு வந்தது, சாதாரண தரப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெனடிக்ற் சோதனை. நீலக் கரைசலோடு சிறுநீரைச் சூடாக்கினால் பச்சை, மஞ்சள், செங்கற் சிவப்பு. நிறமெல்லாம் அழகுதான். ஆனால் இரத்தத்தில் ஏறத்தாழ 180ஐத் தாண்டினால்தான் சீனி சிறுநீருக்கு வரும். இறங்கினால் எதுவுமே காட்டாது. 1922இல் இன்சுலின் வந்த பிறகு திடீரென ஆளை வீழ்த்தியதோ அந்த இறக்கம்தான்.

1970 அளவில் அமெரிக்காவில் இரத்தத் துளியை அளக்கும் மீட்டர் வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. வைத்தியர்களுக்கு மட்டுமே விற்றார்கள். சீனி நோயாளியான ரிச்சர்ட் பேர்ன்ஸ்டீன் என்ற பொறியியலாளர், வைத்தியரான தன் மனைவி மூலம் ஒன்றை வாங்கி வீட்டிலேயே நாளுக்குப் பல தடவை குத்திப் பார்த்தார். (நாற்பதைத் தாண்டிய பிறகு அவரே மருத்துவம் படித்து வைத்தியரானது தனிக் கதை.)

1999இல் முதல் சென்சருக்கு அங்கே அனுமதி கிடைத்தது. மூன்று நாள் அணியலாம், ஆனால் அணிந்தவருக்கு இலக்கம் தெரியாது. பின்னர் வைத்தியர்தான் பார்ப்பார். விரலில் குத்தாமல், சென்சர் இலக்கத்தை வைத்தே இன்சுலின் அளவைத் தீர்மானிக்க 2016இன் இறுதியில்தான் விட்டார்கள். பதினேழு வருடத் தயக்கம்! காரணம் இருந்தது. சென்சரின் மெல்லிய இழை இரத்தத்துக்குள் இல்லை, தோலுக்குக் கீழுள்ள திரவத்தில் இருக்கிறது. சீனி வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் இலக்கம் சில நிமிடங்கள் பிந்தித்தான் வரும். ஒட்டிய கையை அமுக்கிப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். பரசிட்டமோல், அதாவது நமது பெனடோல், பொய்யாகக் கூட்டிக் காட்டலாம் என்ற எச்சரிக்கை 2016 அனுமதியிலேயே இருந்தது. புதிய வகைகளில் அது குறைந்திருக்கிறது. வேறு சிலவற்றில் அளவுக்கு மிஞ்சிய விட்டமின் சி அதே வேலையைச் செய்யும். அந்தப் பொய் இலக்கத்துக்கு இன்சுலின் போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே வியர்த்து, கை நடுங்கும்போது போன் 120 என்று சொன்னாலும் விரலில் குத்திப் பாருங்கள். மீட்டர் பக்கத்தில் இல்லையென்றால் முதலில் சீனித் தண்ணீர். தோலைத் துளைக்காமலே சீனி அளக்கும் என்று விற்கும் கைக்கடிகாரங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். அப்படி எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பெப்ரவரியில் எச்சரித்தது.

நோன்பு காலத்தில் 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்று சர்வதேச நீரிழிவு சம்மேளனத்தின் வழிகாட்டல் சொல்கிறது. விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதும் அதிலேயே இருக்கிறது.