மெஹ்தாப் பாக்: தவெர்னியேயின் ஒரு வாக்கியமும் 1652ஆம் ஆண்டுக் கடிதமும்

ஆக்ராவில் தாஜ் மகாலுக்கு நேர் எதிரே, யமுனையின் மறுகரையில் கிடக்கும் மெஹ்தாப் பாக், ஷாஜகான் தமக்கெனத் தொடங்கிய கல்லறையின் அடித்தளம் என்று இன்று வெளிப்படையாக வாதிடுவோர் குறைவு. ஆயினும் அக்கல்லறை கறுப்புப் பளிங்கில் எழவிருந்தது என்ற கதையைக் கைவிட்ட ஆய்வாளர்களில் சிலர் பிரெஞ்சு வணிகர் தவெர்னியேயை முழுதாகக் கைவிடவில்லை. ஏதோ ஒரு கல்லறைத் திட்டம் இருந்தது, 1657-58 வாரிசுரிமைப் போர் அதைக் குலைத்தது என்ற அளவில் நின்றுகொள்கிறார்கள். இந்த மிதமான வடிவமும் நிலைக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தாஜின் தொடக்கத்தையும் முடிவையும் தாமே கண்டதாகத் தவெர்னியே சொல்கிறார். பணி தொடங்கியது 1632 வாக்கில். அவர் ஆக்ராவைக் கண்டதோ 1640-41இல். மறுகரைக் கல்லறை தொடங்கப்பட்டுப் போரால் நின்றது என்று அவர் எழுதியது ஒரே வாக்கியம். கறுப்பு என்ற பேச்சே அதில் இல்லை. காதில் விழுந்ததை எழுதினார் என்று கொள்வதே அவருக்கு நாம் காட்டும் மரியாதை.

வழக்கைத் தீர்ப்பது வேறொரு சான்று. 1652 டிசம்பரில் தக்காணம் செல்லும் வழியில் ஆக்ராவில் தங்கிய அவுரங்கசீப், தந்தைக்கு எழுதிய கடிதம் ஆதாப்-இ-ஆலம்கிரி என்ற கடிதத் தொகுப்பில் உள்ளது. தாஜின் குவிமாடம் மழையில் ஒழுகுவதைச் சொல்லும் பகுதிக்காகவே அது பெரிதும் மேற்கோளாகிறது. அதன் பின் வரும் சில வரிகள்தான் நமக்கு வேண்டியவை. மெஹ்தாப் பாக் முழுதும் நீரில் மூழ்கிப் பொலிவிழந்துவிட்டது, வெள்ளம் வடிந்தால்தான் மீண்டும் பசுமை காணும், எண்கோணக் குளமும் அதைச் சூழ்ந்த மண்டபமும் நல்ல நிலையில் உள்ளன என்கிறார் இளவரசர். போருக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே அங்கே இருந்தது ஒரு தோட்டம். குளத்தோடு, மண்டபத்தோடு, பெயரோடு. அதைக் கட்டுவித்தவருக்கே எழுதும் கடிதத்தில் இடத்தைப் பற்றித் தவறாகச் சொல்ல வழியில்லை.

தோட்டம் மூழ்கியது, குளம் தப்பியது என்பதை முரண்பாடாகவும், தந்தையைத் தேற்றும் உபசாரமாகவும் வாசிப்பதுண்டு. நில அமைப்பைப் பார்த்தால் அந்த ஐயம் எழாது. ஆக்ராவின் ஆற்றங்கரைத் தோட்டங்களில் முதன்மைக் கட்டடம் ஆற்றை ஒட்டிய உயர்ந்த மேடையில் நிற்கும். செடிகொடிகள் அதற்குப் பின்னால் தாழ்ந்த தரையில் இருக்கும். தாஜும் இந்த ஏற்பாடுதான். 1990களில் இந்தியத் தொல்லியல் துறையும் ஸ்மித்சோனியன் நிறுவனமும் நடத்திய ஆய்வில், 25 நீரூற்றுகள் கொண்ட எண்கோணக் குளம் ஆற்றுப்பக்க முனையிலேயே வெளிப்பட்டது. தாழ்ந்த தரையை வெள்ளம் பிடித்தது, மேடை தப்பியது. கடிதம் கண்டதைக் கண்டபடி சொல்கிறது.

1665இல் தவெர்னியே மீண்டும் வந்தபோது அந்தக் குளம் வண்டலில் பாதி புதைந்திருக்கலாம். தோட்டத்தின் மூலைக் கோபுரங்களுடன் சேர்த்துப் பார்ப்பவருக்கு அது நின்றுபோன கட்டடமாகத் தோன்றியிருக்கும். இது ஊகமே. ஆனால் தோட்டத்தை ஆறு கெடுத்தது என்பதற்குக் கண்ட சாட்சி இருக்கிறது. போர் கெடுத்தது என்பதற்கு இல்லை.

1652க்குப் பிறகு திட்டம் மாறியிருக்கலாமே என்பார்கள். ஷாஜகான் ஆட்சியின் மூன்றாம் பதிற்றாண்டை எழுதிய வாரிஸின் அரசவை வரலாறு அப்படி எதையும் அறியாது. நீரூற்றுக் குளத்தின் மீது பேரரசர் கல்லறை எழுப்ப நினைத்தார் என்று நிறுவும் கடமை அதைச் சொல்பவர்களுடையது. கடிதத்தின் பிரதி நம்பகமானதா என்ற கேள்வியில் நேரம் செலவிட வேண்டியதில்லை. கூரை ஒழுகும் செய்தியைப் புனைய யாருக்கும் காரணமில்லை.

எஞ்சுவது, தாஜுக்குள் மும்தாஜின் கல்லறை நடுவிலும் ஷாஜகானுடையது ஒதுங்கியும் இருப்பது. அவருக்கு வேறிடம் திட்டமிடப்பட்டதற்கு இது அடையாளமாம். அதே யமுனையின் கரையில், 1622-28இல் எழுந்த இத்மத்-உத்-தௌலா கல்லறையில், 1621இல் முதலில் இறந்த அஸ்மத் பேகம் நடுவிலும் சில மாதங்களில் இறந்த அவர் கணவர் இத்மத்-உத்-தௌலா பக்கத்திலும் கிடக்கிறார்கள். மும்தாஜின் பாட்டியும் பாட்டனாரும் அவர்கள். அந்தப் பாட்டனாருக்கு எதிர்க்கரையில் இன்னொரு கல்லறை திட்டமிடப்பட்டதாக யாரும் வாதிட்டதில்லை.