போகிற தண்ணீருக்கும் கணக்கு வேண்டும்

வானிலைக் கூடங்களுக்கு வெளியே, தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆவியாதலுக்குக் கணக்கு இருந்தது. முத்தையாபுரம் அளத்தில் வேலை பார்த்த என் அப்பா அதை 'டிகிரி' என்பார். 1768-இல் பிரெஞ்சுக்காரர் அந்துவான் போமே வகுத்த அடர்த்தி அளவுதான் அது. கடல்நீர் தெப்பம் என்கிற தேக்கத்துக்கு வரும்போது 3 டிகிரி சொச்சம் இருக்கும். வெயிலிலும் கச்சான் காற்றிலும் சுண்டிச் சுண்டி 25-ஐத் தொட்டால்தான் பாத்தியில் உப்பு விளையும். 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசியம் ஏறி உப்பு கசக்கும். அதற்குள் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும்.

நான் வேலைக்குப் போனது கரிசல்காட்டுப் பக்கம், ஒரு வானிலைக் கூடத்துக்கு. கோவில்பட்டியில் 1901-லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. 1932-இல் புனேயில் எல்.ஏ. ராம்தாஸ் தலைமையில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கியது. மழையை மட்டும் அளந்தால் போதாது, மண்ணும் பயிரும் இழக்கிற நீரையும் அளக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகு வலுத்தது.

அதற்கு உதவும் ஆவியாதல் மானி என்பது 122 செ.மீ. விட்டமும் ஒரு சாண் ஆழத்துக்குச் சற்று அதிகமும் உள்ள வட்டத் தொட்டி. மரச்சட்டத்தின் மேல் நிற்கும். மேலே கம்பிவலை போட்டிருப்போம். இல்லையென்றால் காக்கை குடித்ததும் ஆவிக்கணக்கில் ஏறிவிடும். காலை 8.30-க்குக் குனிந்து, உள்ளே நிற்கும் ஊசிமுனையை நீர்மட்டம் சரியாகத் தொடும்வரை அளவுக்குழாயால் தண்ணீர் ஊற்றுவேன். ஊற்றிய அளவுதான் முந்தைய நாள் போனது. மழை பெய்திருந்தால் அதையும் கணக்கில் சேர்ப்போம்.

தொட்டியில் 8 மி.மீ. குறைந்தால் அளத்திலும் வயலிலும் அதே 8 மி.மீ. போனதாக அர்த்தமில்லை. அளத்தின் உப்பேறிய நீர் நன்னீரைவிட மெதுவாக ஆவியாகும். பயிரோ வேர்வழி உறிஞ்சி இலைவழி விடும். 1948-இல் இங்கிலாந்தின் ஹோவர்ட் பென்மன் வெயில், காற்று, வெப்பம், ஈரப்பதம் நான்கையும் ஒரே சூத்திரத்தில் கட்டினார். அதன் வளர்ந்த வடிவத்தை 1998-இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு பொது அளவாக ஏற்றது. தானியங்கிக் கருவிகள் இன்று அந்தக் கணக்கைப் போட்டுவிடுகின்றன. தொட்டியை வைத்துப் போடுகிறவர்கள் சுமார் 0.7-ஆல் பெருக்குவார்கள்: 8 மி.மீ. 5.6 ஆகும். ஏக்கருக்கு அது 22,000 லிட்டருக்கு மேல், ஒரே நாளில். பிறகு பயிருக்கும் அதன் வயதுக்கும் ஏற்பக் கூட்டிக் குறைக்க வேண்டும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதைத் தூத்துக்குடி மாவட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். அன்றாடம் சத்தமில்லாமல் போகிற நீரைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழை விவசாயிகளுக்கு நான் சொல்வது இதுதான்: செவ்வாய், வெள்ளிகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையில் மழையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். நேற்று எத்தனை மில்லிமீட்டர் போனது என்று கேளுங்கள். அதற்குத் தக்கபடி தண்ணீர் கட்டுங்கள்.